இரவல் மூக்கு

கீரமங்கலம் பக்கத்துப் பெண்களுக்குப் பூ வாசனை பிடிக்காது என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் நம்பமாட்டார்கள். இருட்டு விலகுமுன் கொல்லைக்குள் இறங்கி, வெயில் ஏறும்வரை குனிந்து பறிக்கிறவளிடம் போய் மல்லிகை மணத்தைப் பற்றிப் பேசினால் கூடையாலேயே அடிப்பாள். சோற்றில் கை வைத்தால் சோறு மல்லி அடிக்கும். பிள்ளையைத் தூக்கினால் பிள்ளை மல்லி அடிக்கும். தலைவலிக்குத் தைலம் தடவினால், கொஞ்ச நேரத்தில் அதுவும் மல்லியாகிவிடும்.

இசைவாணிக்கு அந்தத் தொல்லை கிடையாது. கொரோனாக் காய்ச்சலில் படுத்து எழுந்தபோது அவளுக்கு எல்லாம் திரும்பி வந்தது, மூக்கு மட்டும் வரவில்லை. கொஞ்ச மாதத்தில் வந்துவிடும் என்றார்கள். வருஷங்கள் ஓடின, வரவில்லை. பால் தீய்ந்தாலும் தெரியாது, கேஸ் கசிந்தாலும் தெரியாது என்று மாமியார் முத்துமாரியம்மாள் அடுப்படியில் அவளைத் தனியே விடுவதில்லை. அப்படிப்பட்டவள் குளியல் பொடி செய்து விற்கிறாள் என்பதில் ஊருக்கு ஒரு சிரிப்பு. "மொட்டத்தலைச்சி சீப்பு வித்த கதையால்ல இருக்கு" என்பார்கள். அவளும் சேர்ந்து சிரித்துக்கொள்வாள்.

அவளுக்கு மூக்கு, புருஷன் நாகராசுதான். பொடி அரைத்துச் சலித்த அன்று ஒரு சிட்டிகையை உள்ளங்கையில் வைத்து அவன் முகத்துக்கு நேரே நீட்டுவாள். அவன் கையில் மண்வெட்டி இருந்தாலும் சரி, சோற்றுத்தட்டு இருந்தாலும் சரி, கீழே வைத்துவிட்டுக் கண்ணை மூடி மோந்து பார்ப்பான். "வெட்டிவேரு தூக்கலா இருக்கு" என்பான். "மஞ்சள் பழசு வாணி, மக்கின வாடை வருது" என்பான். அவன் வேண்டாம் என்றால் அந்தப் பொடி வீட்டைத் தாண்டாது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில், பட்டப்பகலில் அவன் தன் கையைப் பிடித்து முகத்தருகே கொண்டுபோவது இந்த ஒரு வேலைக்குத்தான் என்று அவளுக்குத் தோன்றும். வெளியே சொன்னதில்லை. ஆனால் பொடி அரைக்கிற நாளில் அவளுக்குக் காலையிலிருந்தே ஒரு சந்தோஷம் இருக்கும்.

கஜா புயலில் தென்னை அத்தனையும் சாய்ந்த பிறகு அந்த இடத்தில் நாகராசு பன்னீர் ரோஜா வைத்தான். கமிஷன் கடையில் விலை விழுகிற நாட்களில் மூட்டை மூட்டையாகப் பூவைச் சாலையோரம் கொட்டிவிட்டு வருவார்கள். அதைப் பார்த்து வயிறெரிந்துதான் இசைவாணி இதழ்களை உதிர்த்து நிழலில் காயப்போட ஆரம்பித்தாள். மகளிர் குழுவில் பயிற்சி கொடுத்தார்கள். பச்சைப்பயறு, பூலாங்கிழங்கு, ஆவாரம்பூ, கஸ்தூரி மஞ்சள், வெட்டிவேர், அதோடு ரோஜா இதழ். சென்னை, கோயம்புத்தூர்ப் பெண்கள் போனில் கேட்பார்கள், "ஆர்கானிக்தானே? கெமிக்கல் இல்லையே? பாக்கெட் பிளாஸ்டிக் இல்லையே?" இல்லை என்று அவள் சொல்கிறபோது அதில் பொய் ஒரு துளி கிடையாது. ஆவாரம்பூவைக்கூட ரோட்டோரம் பறிக்கமாட்டாள், லாரிப் புகை படிந்திருக்கும் என்று கண்மாய்க்கரை வரைக்கும் நடப்பாள். துணிப்பையில் போட்டு, வாழைநாரால் கட்டி அனுப்புவாள். "பொடி தீந்தா பைய மண்ணுல போடுங்க, மண்ணாப் போயிரும்" என்பாள்.

ரோஜாவுக்கு மருந்தடிக்காமல் முடியாது. பூவை யாரும் தின்னப்போவதில்லை என்பதால் பூக்கொல்லைக்காரர்கள் மருந்துக்கு நாள் நட்சத்திரம் பார்ப்பதும் இல்லை. இன்று சாயங்காலம் அடித்துவிட்டு நாளைக் காலையில் பறிப்பார்கள். அதனால் மோட்டார் கொட்டகையை ஒட்டிய நாலு வரிசையை இசைவாணி கேட்டு வாங்கியிருந்தாள்.

"அந்த நாலு வரிசைக்கும் ஒங்க மருந்து டேங்க் போவக் கூடாது" என்றாள்.

"புழு விழுந்தா?"

"நான் பூண்டும் மொளகாயும் அரைச்சு ஊத்துறேன். வேப்பெண்ண அடிக்கிறேன். அதுக்கும் அடங்காட்டி புழு தின்னுட்டுப் போவட்டும்."

"ஏ அப்பா! புழுவுக்குச் சோறு போடுற மகராசி" என்று நாகராசு சிரித்தான். "சரி. அது ஒன்னோடது. நான் தொடமாட்டேன்."

நாகராசுவின் தங்கை இனியாவுக்குத் தையில் கல்யாணம் குறித்திருந்தார்கள். மாப்பிள்ளை பேராவூரணிப் பக்கம். இனியா அறந்தாங்கியில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் டீச்சர். அப்பன் செத்தபோது கைப்பிள்ளை. நாகராசுதான் தோளில் போட்டு வளர்த்தான். முகத்தில் பருவும் தழும்புமாக இருப்பாள். ஆன்லைனில் வாங்கிய வெளுப்புக் க்ரீம் எதையோ பூசி ஒரு தடவை தோலே உரிந்துபோனது. அன்றிலிருந்து இசைவாணியின் பொடிதான். தோல் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது. கண்ணாடி முன்னால் நிற்கவே கூசிய பெண், நிச்சயதார்த்தத்தில் போட்டோக்காரனைப் பார்த்துச் சிரித்தாள்.

"ஒங்க பொடிக்கு நான்தான் அண்ணி வெளம்பரம்" என்பாள் இனியா.

கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்னால் வீட்டில் நலுங்கு. அதற்கு முந்தின நாள் இனியா கீரமங்கலம் கடைத்தெருவில் ஷர்லியின் பார்லருக்குப் போய்வந்தாள். ஷர்லி கட்டுமாவடிக்காரி. புருஷன் கடலோடு போனபிறகு தையலும் பார்லர் வேலையும் கற்றுக்கொண்டு, ஒரு கண்ணாடி, ஒரு சாய்வு நாற்காலி என்று கடை போட்டவள். இனியா அங்கே போனது இசைவாணிக்குப் பிடிக்கவில்லை.

"கண்டதையும் பூசிவிட்டாளா?"

"புருவந்தான் அண்ணி எடுத்தேன். மொகத்துல பூன முடிய நூல் வச்சு எடுத்துச்சு. அப்பறம் என்னமோ தேச்சுக் கழுவிவிட்டுச்சு, அம்புட்டுத்தான்."

"நாளைக்கு என் பொடியப் போட்டா எல்லாம் சரியாயிரும்" என்றாள் இசைவாணி.

நலுங்குக்கென்று தனியாக அரைத்த பொடி அது. கல்யாண வேலையில் வெளியூர் ஆர்டர் எல்லாவற்றையும் தள்ளிப்போட்டிருந்தாள். டின் நிறைய இருந்தது. பன்னீர் விட்டுக் குழைத்து வெள்ளிக் கிண்ணத்தில் வைத்தாள். பெண்கள் ஒவ்வொருத்தராக வந்து மணையில் இருந்தவளின் கன்னத்திலும் கையிலும் பூசினார்கள். கேலியும் பாட்டுமாக இருந்தது. அடுத்த வீட்டு அழகி, கைப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு கையால் பூசிவிட்டு, "காட்டமா இருக்கே மாவு. வேரு, கெழங்கெல்லாம் நல்லாச் சேத்திருப்பா போல" என்றாள். இசைவாணிக்குப் பெருமையாக இருந்தது. கடைசியில் அவளும் இரண்டு கையாலும் அள்ளி இனியாவின் நெற்றி, இமை, கழுத்து என்று ஒரு இடம் விடாமல் பூசினாள்.

அன்றைக்கு விளக்கு வைக்கிற நேரத்துக்கெல்லாம் இனியாவின் கண் மூடிக்கொண்டது. முகம் முழுக்கத் தீப்பட்டதுபோலச் சிவந்து, உதடு தடித்து, இமை வீங்கி, குமட்டிக் குமட்டி வாந்தி எடுத்தாள். காரை வைத்துக்கொண்டு அறந்தாங்கிக்கு ஓடினார்கள். டாக்டர் ஊசி போட்டார். "முகத்துல என்ன போட்டீங்க?" என்று கேட்டார்.

இசைவாணி முந்திக்கொண்டாள். "பார்லருக்குப் போயிட்டு வந்தா டாக்டர். அங்க என்ன கெமிக்கலோ. மத்தபடி வீட்டுல நாங்களே அரைச்ச நலுங்கு மாவுதான், எல்லாம் இயற்கை."

டாக்டர் தலையை ஆட்டி எழுதிக்கொண்டார். பக்கத்தில் நின்ற நாகராசு சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான். தங்கச்சி நிலைமையைப் பார்த்து மனசு கலங்கி நிற்கிறான் என்று இசைவாணி நினைத்தாள்.

மறுநாள் காலை அவள் கடைத்தெருவுக்குப் போனாள். பூ ஏலம் முடிந்து ஆட்கள் டீக்கடையில் நிற்கிற நேரம். ஷர்லி அப்போதுதான் கடையைத் திறந்து கூட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏண்டி, ஒனக்கு என்னடி பாவம் செஞ்சா அந்தப் புள்ள?"

"யாருக்கா? இனியாவா? என்னக்கா ஆச்சு?"

"என்ன ஆச்சா? கண்ணு தெறக்கல. மூஞ்சி வெந்துபோயிக் கெடக்கு. என்ன கருமத்தப் பூசுன?"

"அக்கா, நான் நூல் போட்டு முடி எடுத்தேன், தயிரும் கடல மாவும் வச்சுத் தொடச்சேன். அது ஏற்கனவே க்ரீம் போட்டு வெந்த மொகம்னு சொல்லுச்சு, நான் வேற எதையும் தொடலக்கா."

"பொய் சொல்லாத. ஒங்கடையில பாட்டில் பாட்டிலா வச்சிருக்கியே, அது என்ன, சர்பத்தா? பணத்துக்காகப் பச்சப்புள்ளைக மூஞ்சில வெசத்தப் பூசுறீங்க. நல்லாருப்பியா நீ?"

கூட்டம் கூடியது. ஷர்லி துடைப்பத்தைக் கையில் பிடித்தபடியே அழுதாள். அவளிடம் புருவம் எடுத்தவர்கள் எத்தனையோ பேர் அந்தக் கூட்டத்தில் நின்றார்கள், ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. தை மாதத்துக்கு அவளிடம் சொல்லிவைத்திருந்த கல்யாணப்பெண்கள் எல்லாம் அந்த வாரத்திலேயே வேண்டாம் என்றுவிட்டார்கள். கட்டடக்காரர் கடையைக் காலி பண்ணச் சொன்னார். இசைவாணிக்கு அதைக் கேட்டபோது சந்தோஷம் இல்லை, ஆனால் நியாயம் என்று பட்டது.

மாப்பிள்ளையின் அம்மா வந்து பார்த்தாள். கட்டிலில் கிடந்தவளைக் கதவருகே நின்றபடியே பார்த்துவிட்டு, காபியும் குடிக்காமல் எழுந்தாள். "மொகம் தெளியட்டும். பங்குனியில பாத்துக்குவோம்" என்றாள். பங்குனி என்றால் என்ன அர்த்தம் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும்.

"தோல் வியாதியெல்லாம் ஒண்ணுமில்லங்க. பார்லர்ல பண்ணுன கோளாறு, ஊருக்கே தெரியும், விசாரிச்சுப் பாருங்க" என்று நாகராசு வாசல்வரை பின்னாலேயே போய்ச் சொன்னான்.

கல்யாணத்துக்கு வாங்கிய அரிசி மூட்டைகள் கூடத்தில் அடுக்கினபடியே கிடந்தன. முத்துமாரியம்மாள் அதில் சாய்ந்து உட்கார்ந்து நாளெல்லாம் மூக்கைச் சிந்தினாள். நாகராசு யாரோடும் பேசுவதில்லை. கொல்லைக்குப் போவான், வருவான், சாப்பிட்டதும் சாப்பிடாததும் தெரியாமல் படுப்பான்.

ஒரு வாரத்துக்குமேல் ஆனது. வீக்கம் வடிந்து, கன்னம் கருத்து, பொருக்குத் தட்டி உரிந்தது. விடியலில், கொல்லைக்குக் கிளம்புமுன் இசைவாணி களிம்பு போட்டுவிடும்போது இனியா மெல்லக் கேட்டாள்.

"அண்ணி, ஒண்ணு சொல்லவா? கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லு."

"அன்னைக்கு மாவக் கொழைக்கயிலயே ஒரு வாடை அடிச்சிச்சு அண்ணி."

"என்ன வாடை?"

"அண்ணன் மருந்தடிச்சிட்டு வந்து சட்டையக் கழட்டிப் போடுமே, அந்த வாடை."

களிம்பு போட்ட விரல் கன்னத்திலேயே நின்றது. "ஏண்டி அப்பவே சொல்லல?"

"ஒங்களுக்கு வாடை தெரியாது. அத்தன பேருக்கு முன்னாடி எப்புடிச் சொல்றது? மனசு கஷ்டப்படுவீங்கள்ல. இயற்கைன்னா இப்புடித்தான் நாறும்போலன்னு நெனச்சுக்கிட்டேன். கடைச் சோப்பு மாதிரி மணக்குமா?"

"மத்தவங்களுக்கும் அடிச்சிருக்குமா?"

"எல்லாருக்கும் அடிச்சிருக்கும் அண்ணி. நம்ம ஊர்ல அந்த வாடை என்ன புதுசா? நம்ம வீட்டுத் துணிமணியெல்லாம் அந்த வாடைதான."

இசைவாணி கொல்லைக்குப் போனாள். பனி இறங்கியிருந்தது. நாகராசுவின் பழைய முழுக்கைச் சட்டையைச் சேலைக்கு மேல் மாட்டிக்கொண்டு ரோஜா பறித்தாள். முள் கிழித்தது தெரியவில்லை. தன் நாலு வரிசைக்கு வந்தபோது நின்று பார்த்தாள். இலைகள் பளபளவென்று இருந்தன. ஒரு பூச்சி அரித்த ஓட்டை இல்லை, ஒரு சுருட்டை இல்லை. அவள் பூண்டுக் கரைசல் ஊற்றிய காலத்தில் அந்த இலைகள் இவ்வளவு அழகாக இருந்ததே இல்லை. இது எப்படித் தன் கண்ணில் படாமல் போனது என்று அவளுக்கு விளங்கவில்லை.

மோட்டார் கொட்டகையில் நாகராசு பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தான்.

"ஏங்க. இந்த நாலு வரிசைக்கும் மருந்தடிச்சீங்களா?"

அவன் தீக்குச்சியை உதறி அணைத்தான். இல்லை என்று உடனே சொல்லியிருந்தால் அவள் நம்பியிருப்பாள். நம்பத் தயாராகத்தான் நின்றாள்.

"செடியில பேன் விழுந்துருச்சு வாணி" என்றான். "ஒன் வரிசையிலதான் மொதல்ல விழுந்துச்சு. மொட்டெல்லாம் கருகுது. அத விட்டா கொல்ல பூராவும் பரவிரும். பொங்கல் வருது, தை முகூர்த்தம் வருது, கல்யாணச் செலவு கண்ணு முன்னாடி நிக்கிது. என்ன பண்ணச் சொல்ற?"

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீ விடமாட்ட."

"நான் பறிச்ச அன்னைக்கா?"

"அதுக்கு முந்துன சாயங்காலம்."

"மோந்து பாக்கச் சொல்லி நீட்டுனேனே. கண்ண மூடி மோந்துட்டு, நல்லாருக்குன்னு சொன்னீங்களே."

நாகராசு பீடியைப் பார்த்தான். "வாடை லேசா இருந்துச்சு. நாலு நாள் டின்னுல கெடந்தா போயிரும்னு நெனச்சேன். ஒம் பூண்டுக் கரைசலும் அந்த மாதிரித்தான நாறும்னு..."

"அப்புடி நெனச்சீங்களா, இல்ல அப்புடிச் சமாதானம் சொல்லிக்கிட்டீங்களா?"

"நீ எந் தங்கச்சி மூஞ்சில போடப்போறன்னு எனக்குத் தெரியாதுடி!" அவன் பீடியைக் கீழே எறிந்தான். "நலுங்கு மாவுக் கிண்ணத்தப் பாக்கயில அது பழைய பொடின்னுதான் நெனச்சேன். சத்தியமாச் சொல்றேன். நான் மோந்த பொடி மெட்ராஸுக்குப் போறதுன்னு நெனச்சேன்."

இசைவாணி அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் சொன்னது உண்மை என்று அவளுக்குத் தெரிந்தது. அதுதான் தாங்கவில்லை.

"மெட்ராஸ்ல இருக்கவளுக்கு மூஞ்சி இல்லையா?" என்றாள்.

அவள் கூடையை அங்கேயே வைத்துவிட்டு வரப்பில் ஏறினாள்.

"எங்க போற?"

"ஷர்லிகிட்ட."

"வாணி, நில்லு. நீ இப்ப போயிச் சொன்னா மாப்ள வீட்டுல என்ன நெனப்பான்? வீட்டுக்காரங்களே புள்ள மூஞ்சிய வேக வச்சுட்டாங்கம்பான். பங்குனியும் இல்ல, ஒண்ணும் இல்ல. அந்தப் பொண்ணுக்கு நான் வேற வழியில ஏதாச்சும் செஞ்சுக்கிறேன். கேளு வாணி!"

அவள் கேட்கவில்லை. முழுக்கைச் சட்டையைக்கூடக் கழற்றாமல் மினிபஸ் ஏறினாள்.

ஷர்லி கடையின் கண்ணாடியைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தாள். சாய்வு நாற்காலியில் பழைய சேலையைச் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தாள். இசைவாணியைப் பார்த்ததும் கை நின்றது. மறுபடி சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்துச் சுவரோடு ஒதுங்கினாள்.

இசைவாணி கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லிவிட்டு அவள் கையைப் பிடிக்கப்போனாள். ஷர்லி கையைக் கொடுக்கவில்லை.

"நான் நூல் போட்ட மொகம் வேற" என்றாள் ஷர்லி. "தோல் தெறந்து இருந்திருக்கும். அதுல போயி இதப் பூசியிருக்கீங்க. அந்தப் புள்ளைக்கு எப்புடி எரிஞ்சிருக்கும்."

"என்னைய மன்னிச்சிரு ஷர்லி."

"கதவத் தெறங்கக்கா."

"என்ன?"

"என்னையக் கேவலப்படுத்துனது தெருவுல வச்சு. மன்னிப்பு மட்டும் கதவச் சாத்திக்கிட்டா? எந்த எடத்துல நின்னு கத்துனீங்களோ, அங்கன போயிச் சொல்லுங்க. இல்லாட்டி போயிட்டு வாங்க, எனக்குச் சாமான் கட்டுற வேல இருக்கு."

இசைவாணி கதவைத் திறந்தாள்.

பூக் கமிஷன் கடைக்கு முன்னால் ஏலம் நடந்துகொண்டிருந்தது. மூட்டை மூட்டையாக ரோஜா, சம்பங்கி. எடை போடுகிறவர்கள், வெளியூர் வியாபாரிகள், பூ கொண்டுவந்த பெண்கள். அவள் நடுவில் போய் நின்று, சத்தமாகச் சொன்னாள். "எங்க இனியா மூஞ்சி கெட்டது ஷர்லியால இல்ல. எம் பொடியால. பொடியில இருந்த ரோசாவுல மருந்து இருந்துச்சு. பூவுல இருந்த மருந்துதான் அவ மூஞ்சிய வேக வச்சுச்சு. அன்னைக்கு நான் பேசுனது தப்பு."

ஏலம் நின்றது. வெளியூர் வியாபாரி ஒருவர், "பூவுல மருந்தா?" என்று திரும்பினார். கமிஷன் கடை சூசைராஜ் கல்லாவை விட்டு எழுந்து வேகமாக வந்தார். நல்ல மனிதர்.

"ஏத்தா இசை, என்ன பேச்சு இது? யாவாரிங்க நிக்கிறாங்கள்ல. வா இங்கிட்டு, வந்து ஒரு டீயக் குடி."

"நெசமாத்தாண்ணே சொல்றேன்."

"சாமிக்குச் சாத்துற பூவு, அதப் போயி வெசங்கிறியே, வாயக் கழுவுடி" என்றாள் ஒரு பூக்காரி.

"நாங்களுந்தான் தெனமும் பறிக்கிறோம், தலையில வைக்கிறோம். எங்க மூஞ்சியெல்லாம் வெந்தா போச்சு?"

"பாவம், கல்யாணம் நின்ன வேதன. மனசு ஒடைஞ்சு பேசுது."

"பார்லர்க்காரி வந்து கால்ல கைல விழுந்திருப்பா. எளகுன மனசு, இது பழிய எடுத்துத் தாம் மேல போட்டுக்குது."

"ரோசாவுல மருந்து இருந்துச்சாம்ல? இவளுக்குத்தான் மூக்கே கெடையாதே, இவளுக்கு எப்புடித் தெரிஞ்சுச்சு?" என்று ஒருவன் கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடு ஏலம் மறுபடி தொடங்கியது.

இசைவாணி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். நலுங்கு அன்றைக்கு வந்து கன்னத்தில் பூசியவர்கள் நாலைந்து பேர் அங்கேயே இருந்தார்கள். அந்த வாடை எது என்று அவர்களுக்கு அன்றைக்கே தெரியும், இப்போதும் தெரியும். அவர்கள் தங்கள் மூட்டையின் எடையைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லோர் வீட்டு உலையும் அந்தப் பூவில்தான் கொதிக்கிறது. அவர்களைத் திட்டவும் அவளுக்கு வாய் வரவில்லை.

தெருவுக்கு அந்தப் பக்கம் ஷர்லி நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஒருத்தர்கூட அவள் பக்கம் திரும்பவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, உள்ளே போய் நாற்காலியைக் கட்டுகிற வேலையைத் தொடர்ந்தாள்.

சூசைராஜ் கொடுத்த டீயை வாங்கி வைத்துவிட்டு இசைவாணி வீட்டுக்கு வந்தாள். முதல் வேலையாக அந்த டின்னை எடுத்துக் குழி தோண்டிப் புதைக்க வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தாள். டின் அலமாரியில் இல்லை. கூடத்தில், அரிசி மூட்டைக்குப் பக்கத்தில், மூடி திறந்து இருந்தது. பாதிதான் இருந்தது.

"அத்தை, இத யாரு எடுத்தா?"

முத்துமாரியம்மாள் பல நாள் கழித்துக் கொஞ்சம் முகம் மலர்ந்திருந்தாள். "அழகி வந்தா. புள்ளையக் குளிப்பாட்டப் பொடி வேணும்னா. கடைச் சோப்ப இனிமே தொடமாட்டாளாம், இனியா மூஞ்சியப் பாத்ததுல இருந்து பயந்து கெடக்குறா. அவ மட்டுமா? மேலத்தெருவுலயும் கேட்டு விட்டுருக்காக. ஊரே ஒன் பொடியத்தான் நம்புதுத்தா. போனாப் போவுதுன்னு ஒரு கிண்ணம் அள்ளிக் குடுத்தேன்."

இசைவாணி ஓடினாள். வேலி முள் சேலையைப் பிடித்தது, கிழித்துக்கொண்டு ஓடினாள்.

அழகி தன் வீட்டுக் கொல்லைப்புறத்தில், கல்லில் உட்கார்ந்து காலை நீட்டி, பிள்ளையைக் காலின் மேல் மல்லாக்கப் போட்டிருந்தாள். எண்ணெய் தேய்த்து ஊறிய உடம்பில் நெஞ்சு, வயிறு, கழுத்து என்று குழைத்த மாவு பூசியிருந்தது. பிள்ளை கையைக் காலை ஆட்டிச் சிரித்தது. அழகி அடுத்த விரல் மாவை எடுத்துப் பிள்ளையின் கன்னத்தில் வைத்துக்கொண்டிருந்தாள்.

இசைவாணி அண்டாவில் இருந்த தண்ணீரைச் சொம்பில் மொண்டு பிள்ளையின் மேல் ஊற்றினாள். மறுபடி மொண்டு ஊற்றினாள். பிள்ளை மூச்சை இழுத்து வீறிட்டது.

"ஏய், என்னடி பண்ற? பைத்தியமா புடிச்சிருக்கு? புள்ளைக்கு மூச்சு முட்டப்போவுது!"

"அதப் போடாத அழகி. அதுல மருந்து இருக்கு. மருந்தடிச்ச பூவு. இனியாவுக்கு இதாலதான் ஆச்சு. கழுவு, நல்லாக் கழுவு." அவள் குனிந்து பிள்ளையின் கழுத்து மடிப்பில் விரலை விட்டுத் தேய்த்தாள். அழகி அவள் கையைத் தட்டிவிட்டுப் பிள்ளையை வாரி முந்தானையில் சுற்றிக்கொண்டு எழுந்தாள்.

"குடுக்க மனசில்லேன்னா இல்லன்னு சொல்லியிருக்கணும். ஒங்க மாமியா குடுத்தத வந்து தண்ணிய ஊத்திக் கழுவுறியே, நீயெல்லாம் ஒரு பொம்பளையா?"

"காசுக்கு இல்ல அழகி, நெசமாவே..."

கதவு சாத்திக்கொண்டது. உள்ளே பிள்ளையின் அழுகையும் அழகியின் குரலும் கேட்டன. "மெட்ராஸ்காரிகளுக்குன்னா பொட்டலம் கட்டி அனுப்புறா. நம்ம புள்ள மேல பட்டா மட்டும் இவளுக்கு வலிக்கிது."

கல்லில் மாவு கரைந்து வாழைமரத்தின் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. இசைவாணி ஈரக்கையோடு கதவைத் தட்டினாள்.

"அழகி, என்னைய என்ன வேணா சொல்லு. கண்ணுல போயிருக்கான்னு மட்டும் பாரு. கண்ண மட்டும் பாரு அழகி" என்றாள்.

உள்ளே பிள்ளை அழுதுகொண்டே இருந்தது. அது பயந்த அழுகையா, எரிகிற அழுகையா என்று தெரியாமல் அவள் கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றாள்.